வாசலை விட்டு எழும்பாத எங்கள் அக்கா

எங்கள் அக்காவின் அந்தியேட்டி நாளில், முப்பத்தோராம் நாள் கிரியையில், இந்த நினைவு மலரைக் கையில் பெற்றுக்கொள்ளும் உறவினர்களும் நண்பர்களும் அவரை ஒவ்வொரு விதமாக அறிந்தவர்கள். வேலைத்தலத்தில் அறிந்தவர்கள் உண்டு. கோயிலில் அறிந்தவர்கள் உண்டு. ரொறன்ரோவில், மல்வேர்னில் எங்கள் வரிசை வீடுகளில் அயலவராய் அறிந்தவர்களும் உண்டு. ஆனால் அவர் எங்கே பிறந்தார், எப்படி வளர்ந்தார் என்பதை முழுமையாக அறிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். ஆகவே எழுதும் பொறுப்பு தங்கையாகிய என்னிடம் வந்தது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அழுகை இன்னும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அக்கா தென்மராட்சியிலே, பனங்காணிகளுக்கு நடுவே இருந்த ஒரு குறிச்சியில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். நான் அவருக்குப் பல வருடங்கள் இளையவள். எங்களுக்கு வேறு சகோதரர்கள் இல்லை. குடியிருந்த காணி எங்களுடையதல்ல. பெரிய வளவு என்று சொல்லப்பட்ட வீட்டாருக்குச் சொந்தமானது. அந்த வீட்டுத் தலைவரை நாங்கள் நயினார் என்றுதான் அழைக்கவேண்டும். எங்கள் தகப்பனாரை நாங்கள் அப்பு என்போம். நயினார் வீட்டுச் சின்னப்பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லி, வாடா போடா என்பார்கள்.

இது எப்படி வந்தது என்று அப்பு ஒருமுறை சொல்லியிருக்கிறார். எங்கள் பூட்டியின் தாயாரை, அந்த வளவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணோடு சீதனமாக அனுப்பினார்களாம். காணி, நகை, பால்மாடு, அவற்றோடு ஒரு பெண்பிள்ளை. அவருக்குப் பிறந்த பிள்ளைகளும் அந்த வளவுக்கே உரியவர்கள். அடிமைகள் இனி இல்லை என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டபோது எங்கள் ஆட்களுக்கு அதை யாரும் வந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போவதற்கு இடமில்லை. கால் வைத்து நின்ற மண் அவர்களுடையது. எங்கள் அம்மாவின் காலத்திலும் அந்தக் குறிச்சிப் பெண்கள் மேற்சட்டை போட்டுக்கொண்டு வளவின் வேலிக்கதவான படலையைத் தாண்ட முடியாது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் வாங்கிலிலும் நாங்கள் நிலத்திலும் இருந்தோம். அக்கா நிலத்தில் இருந்துதான் எழுதப் படித்தார். கெட்டிக்காரி என்று வாத்தியார் சொன்னாராம். சொன்னாரே தவிர, வாங்கிலில் இருத்தவில்லை.

எங்கள் குறிச்சிக்குக் கிணறு இல்லை. வளவுக் கிணற்றுக்குப் போய்க் குடத்தை நிலத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். அவர்களில் ஒருவர் வந்து, மனம் வைத்து, வாளியால் அள்ளி ஊற்றுவார். வராவிட்டால் நிற்கவேண்டியதுதான். கயிற்றைத் தொடக்கூடாது.

எனக்குக் கடுமையான காய்ச்சல் கண்ட ஒரு நாள், அம்மா தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடத்தால் வந்த அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வெயிலில் நெடுநேரம் நின்றார். எவரும் வரவில்லை. அக்கா கயிற்றைப் பிடித்து, வாளியை இறக்கி, தானே தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். எனக்குப் பருக்கியதும் நெற்றியில் ஈரத்துணி போட்டதும் நினைவிருக்கிறது. கயிறு ஈரமாய்க் கிடந்ததை யாரோ கண்டுவிட்டார்கள்.

பொழுது சாய முன்னர் அப்புவையும் அக்காவையும் படலையடிக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். நயினார் கதிரை போட்டு இருந்தார்.

“உனக்குத் தண்ணி அள்ளித் தந்தது ஆரடி?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் வரேல்லை. நானே அள்ளினன். தங்கச்சிக்குக் காய்ச்சல்” என்றார் அக்கா.

நயினார் அப்புவைப் பார்த்தார். “உன்ரை பெட்டைக்கு நீயே அடி. நாங்கள் கை வைச்சால் உனக்கு வசதியாப் போயிடும். பொலிசுக்குப் போவாய்.”

“நயினார், சின்னப் பெட்டை. தெரியாமல் செய்துபோட்டுது.”

“தெரியத்தான் அடிக்கச் சொல்லுறன்.”

யாரோ ஒரு பூவரசந் தடியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்பு அடித்தார். மெதுவாக அடித்ததைக் கண்டு நயினார் “இன்னும்” என்றார். அப்பு இன்னும் அடித்தார். அக்கா இரண்டு கையையும் கீழே போட்டபடி நின்றார். அழவில்லை. அழுதிருந்தால் அவர்கள் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள் என்று அம்மா பிற்காலத்தில் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுவார். தடி முறிந்த பிறகுதான் போகச் சொன்னார்கள்.

அன்று அப்பு சாப்பிடவில்லை. நல்லெண்ணெய் எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு வேலியோரம் போய் இருந்துவிட்டார். அதன்பின் அவர் இறக்கும்வரைக்கும் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசியதை நான் காணவில்லை. ஏதும் சொல்லவேண்டுமென்றால் என்னைப் பார்த்துச் சொல்வார். அக்கா பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டார். நிறுத்து என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை.

அக்கா வளர்ந்த காலத்தில் எங்கள் பகுதியில் இளைஞர்கள் கிளம்பினார்கள். தேநீர்க் கடைகளில் எங்கள் ஆட்களுக்குப் போத்தலில் தேநீர் ஊற்றி வெளியே வைத்துக் குடிக்கச் சொல்வது அந்நாள் வழக்கம். சந்தியில் தையல்கடை வைத்திருந்த ஒருவர் கடைக்கு உள்ளே போய் வாங்கிலில் இருந்து, கிளாசில் தேநீர் கேட்டார். அவருடைய கையை முறித்து அனுப்பினார்கள். அவர்தான் பின்னாளில் எங்கள் அத்தான்.

கோயிலுக்குள் எல்லோரையும் விடவேண்டும் என்று கேட்டு எங்கள் ஆட்கள் கோயில் வாசலில் போய் அமர்ந்தபோது, அக்காவும் மற்றப் பெண்களோடு போய் இருந்தார். வெயிலில் இருந்தார்கள். உள்ளிருந்தவர்கள் சாம்பலை அள்ளி எறிந்தார்கள், மிளகாய்த்தூள் கரைத்த தண்ணீரை ஊற்றினார்கள். அக்காவின் ஒரு கண் அதன்பின் எப்போதும் சிவந்தே இருந்தது. ரொறன்ரோவில் அவரைப் பார்த்தவர்கள் அதை ஏதோ கண்வருத்தம் என்று நினைத்திருப்பீர்கள். முறிந்த கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி அங்கே வந்திருந்த அத்தானை அக்கா அந்த வாசலில்தான் முதன்முதலாகக் கண்டார். பலகாலம் இழுபட்டு, கடைசியில் பொலிசார் காவலுக்கு நிற்கக் கதவு திறந்தது. அக்கா உள்ளே போய் வந்தார்.

“உள்ளுக்கை என்ன கிடந்தது?” என்று நான் கேட்டேன்.

“இருட்டாத்தான் கிடந்தது. ஆனால் நான் நிண்டு பாத்தன்” என்றார்.

அக்காவும் அத்தானும் மணமுடித்து, சந்திக்கு அருகில் சிறுதுண்டுக் காணி வாங்கி, தையல்கடையோடு சேர்ந்த வீட்டில் வாழ்ந்தார்கள். காலம் தாழ்த்திச் சுகந்தி பிறந்தாள். ஒரே மகள். அந்த வீட்டில் அத்தான் முதலில் வெட்டியது கிணறு. குறிச்சிப் பெண்கள் எல்லாரும் அங்கே வந்து தாங்களே அள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா மிக அமைதியாக இருந்த ஆண்டுகள் அவை. அவற்றைப்பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை.

பிறகு நாட்டில் சண்டை வந்தது. நானும் என் கணவரும் எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்கு வந்துவிட்டோம். கடையை விட்டு வரமாட்டேன் என்று அத்தான் நின்றார். குண்டுவீச்சு கடுமையானபோது அவர்களும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரோடு ஊராக நடந்து, தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாகத் தங்கினார்கள். எல்லாச் சாதியினரும் ஒரே கூரைக்குக் கீழே கிடந்தார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்ற பேச்சு அங்கேயும் தொடங்கியது. அத்தான் பேசிப் பார்த்தார். பேசிக்கொண்டிருந்த கிழமையில் ஒரு காலை, சுகந்திக்குச் சாப்பிடப் பாண் வாங்கச் சந்திக்குப் போனார். விமானம் வந்து குண்டு போட்டது.

அவர் தானே தைத்துப் போட்டிருந்த சட்டையை வைத்துத்தான் அக்கா அவரை அடையாளம் கண்டார். தகனம் செய்ய வழியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புதைத்தார்கள். அன்று யார் தூக்கினார்கள், யார் மண் வெட்டினார்கள் என்று எவரும் பார்க்கவில்லை. மறுநாள் கிணற்றடியில் மறுபடியும் பார்த்தார்கள். இதை அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவருடைய குரலில் ஒரு மாற்றமும் இருக்கவில்லை. இங்கே எனக்கும் அப்படித்தான் இருந்தது. ரிசீவரை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

என் கணவர் முயன்று அக்காவையும் சுகந்தியையும் கனடாவுக்குக் கூப்பிட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பனி கொட்டிய ஒரு நாளில், கொழும்பில் யாரோ கொடுத்த கம்பளிச் சட்டையோடு இருவரும் வந்து இறங்கினார்கள். எங்கள் மல்வேர்ன் வீட்டில் மேலறை அவர்களுக்கு. அக்காவுக்கு மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. விடியப்புறத்தில் வான் வண்டி வந்து எங்கள் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். தலைக்கு வலை, கைக்கு உறை, குளிர் அறை. தட்டுத் தட்டாகச் சலட் வெட்டி வைப்பார். எந்த விமானம் எந்த நாட்டுக்குப் போகிறது என்று தட்டின் நிறத்தை வைத்தே சொல்வார். “ஆகாயத்திலை போறவன் வாறவன் எல்லாம் நான் வெட்டினதைத்தான் தின்னுறான்” என்று சொல்வார். அக்கா சிரித்து நான் கண்டது அந்தப் பேச்சின்போதுதான்.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவார். இங்குள்ள பலரும் அறிந்ததுபோல அந்தக் கோயில் அப்போது ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலைக் கட்டடத்துக்குள் இருந்தது. பூசைக்குப் பின் அன்னதானம். அதற்கு மரக்கறி வெட்டச் சில பெண்கள் பின்னால் உள்ள சமையலறையில் கூடுவார்கள். அக்காவும் போய் இருந்தார். வேலையில் பழகிய கை, வேகமாக வெட்டும். எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது. சமையலுக்குப் பொறுப்பாக இருந்த ஓர் அம்மாவுக்கும் பிடித்திருந்தது. அவருடைய பெயர் இங்கே வேண்டாம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் பேச்சுவாக்கில் கேட்டார்: “நீங்கள் ஊரிலை எவடம் அக்கா?”

“தென்மராட்சி.”

“தென்மராட்சியிலை?”

அக்கா ஊரின் பெயரைச் சொன்னார்.

“எங்கடை மாமி ஆக்களும் அங்கைதானே. பெரிய வளவு தெரியுமோ?”

“தெரியும். அவையின்ரை காணியிலைதான் நாங்கள் குடியிருந்தனாங்கள்.”

அதற்குப் பிறகு அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அக்கா என்னிடம் சொன்னார். “ஏன் சொன்னனி?” என்றேன். “கேட்டா. சொன்னன்” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவுக்கு மரக்கறி வெட்டும் பலகை இருக்கவில்லை. “இண்டைக்கு ஆக்கள் கூட, நீங்கள் போய்ச் சாமியைக் கும்பிடுங்கோ அக்கா” என்றார்கள். அதற்கடுத்த வாரமும் ஆட்கள் கூட. அதற்கடுத்த வாரம் இரண்டே பேர் இருந்தபோதும் அதே பதில். அக்கா சமையலறை வாசலில் பாயைப் போட்டு இருந்தார். பூசை முடியும்வரை இருந்துவிட்டு எழுந்து வந்தார். பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படியே.

அந்தக் காலத்தில் சுகந்திக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவள் கொலிஜ் முடித்து வங்கியில் வேலைசெய்தாள். பையனை அவளே கண்டு விரும்பியிருந்தாள். அவனுடைய பெற்றோர் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனார்கள். சாதகம் பொருந்தியிருந்தது. நாள் பார்ப்பதுதான் மிச்சம். எந்த ஊர் என்று அவர்கள் கேட்டபோது என் கணவர் தென்மராட்சி என்று சொல்லிப் பேச்சை வேறுபக்கம் திருப்பியிருந்தார்.

கோயிலின் பொதுக்கூட்டம் வந்தது. அக்கா அதில் எழுந்து பேசப்போவதாகச் சொன்னார். சுகந்தி சாப்பாட்டு மேசையில் இருந்தபடி தாயைப் பார்த்தாள்.

“அம்மா, ப்ளீஸ். கலியாணம் முடியட்டும். பிறகு என்ன வேணுமெண்டாலும் கதையுங்கோ.”

“கலியாணம் முடிஞ்சால் நீ அவையின்ரை வீட்டுப் பிள்ளை. அப்ப இன்னும் கதைக்கேலாது.”

“இஞ்சை ஆருக்கம்மா அது தெரியோணும்? திஸ் இஸ் கனடா. மரக்கறிதானே, விடுங்கோவன்.”

அக்கா கோப்பையைத் தள்ளி வைத்தார். “மரக்கறிதான். அதுதான் கதைக்கிறன்” என்றார்.

நான் அவரோடு கூட்டத்துக்குப் போனேன். பிளாஸ்ரிக் கதிரைகள், வடை, கோப்பி. புதிய கட்டடம் வாங்குவதைப்பற்றி நெடுநேரம் பேசினார்கள். வேறு ஏதும் உண்டோ என்று தலைவர் கேட்டபோது அக்கா எழுந்தார். வேலைக்குப் போடும் சப்பாத்தோடு நின்றார்.

“நான் கனகாலமா உள்ளுக்கை மரக்கறி வெட்டினனான். நான் ஆர் எண்டு தெரிஞ்ச பிறகு பலகை தாறேல்லை. ஊரிலை கதவைப் பூட்டிப்போட்டு வராதை எண்டு சொன்னவை. அப்ப எங்களுக்கு விளங்கினது. இஞ்சை திறந்து வைச்சுக்கொண்டு பூட்டுறியள். நான் வெட்டக்கூடாது எண்டால் அதை எழுதி வாசல்லை ஒட்டுங்கோ. எல்லாரும் வாசிக்கட்டும்.”

தலைவர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். “அம்மா, இது கனடா. இஞ்சை அப்பிடி ஒண்டும் இல்லை. ஏதோ ஒரு விளக்கக்குறைவு” என்றார்.

“அப்ப நல்லதாப் போச்சு. வாற வெள்ளிக்கிழமை நான் வெட்டுறன்” என்று சொல்லிவிட்டு அக்கா கதிரையில் இருந்தார்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னரே பையனின் தகப்பனார் என் கணவருக்குத் தொலைபேசி எடுத்தார். சாதகத்தை இன்னொருவரிடம் காட்டினார்களாம். பொருந்தவில்லையாம். பையன் ஒருநாள் காரில் வந்து எங்கள் வீட்டுக்கு வெளியே சுகந்தியோடு பேசிவிட்டுப் போனான். கொஞ்சக்காலம் பொறுக்கச் சொன்னானாம். பிறகு அவன் வரவில்லை. சுகந்தி தாயோடு சண்டை பிடிக்கவில்லை. பேசாமல் உடுப்புகளை அடுக்கிக்கொண்டு, நகருக்கு வெளியே விட்பியில் வேலைத்தோழி ஒருத்தியின் புதுவீட்டில், நிலத்துக்குக் கீழான பேஸ்மன்றுக்குக் குடிபோனாள். அங்கிருந்து ரெயினில் வங்கிக்குப் போய் வந்தாள். எனக்குத் தொலைபேசி எடுப்பாள். அம்மா எப்படி என்று கேட்பாள். அம்மாவிடம் கொடுக்கட்டுமா என்றால் வேலைக்கு நேரம் போய்விட்டது என்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா வீட்டிலிருந்தே பலகையும் கத்தியும் ஒரு பூசணிக்காயும் கொண்டு போனார். உள்ளே இடமில்லை என்றார்கள். வாசலில் பாயை விரித்து இருந்து பூசணிக்காயை வெட்டினார். வெட்டியதை உள்ளே யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து நாங்கள் கறி வைத்தோம். அடுத்த வாரமும் கொண்டு போனார். அதையும் நாங்களே சாப்பிட்டோம். நடந்து போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். சிலர் குனிந்து, “ஏன் அக்கா உங்களுக்கு இந்தக் கரைச்சல்” என்று கேட்பார்கள். அக்கா வெட்டிக்கொண்டே இருப்பார்.

வீட்டில் ஒருநாள் நான் கேட்டேன். “அக்கா, நீ கதைக்காமல் விட்டிருந்தால் இந்நேரம் கலியாணம் முடிஞ்சிருக்கும்.”

“முடிஞ்சிருக்கும்” என்றார் அக்கா. “பிறகு அவள் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டிலை ஒளிச்சுக்கொண்டெல்லோ இருந்திருப்பாள். ஆர் வந்து எவடம் எண்டு கேப்பினமோ எண்டு.” பிறகு, “ஆனால் அவளுக்கு நொந்துபோச்சு. அது எனக்குத் தெரியும்” என்றார்.

பனி கரைந்த ஒரு வெள்ளிக்கிழமை, மட்டக்களப்பிலிருந்து வந்து குடியேறிய பரமேஸ்வரி அக்கா உள்ளே இருந்து தன் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அதுவரை எங்களுக்கு அவரோடு பெரிய பழக்கமில்லை. “உங்கட யாழ்ப்பாணத்துக் கணக்கு எனக்கு விளங்காது கா. கொஞ்சம் தள்ளுங்க” என்று தங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தார். இருவரும் வெட்டியது ஒரே சட்டிக்குள் போனது. பயற்றங்காயில் எது யார் வெட்டியது என்று பிரிக்க முடியாது. உள்ளே ஏதோ பேசிக்கொண்டார்கள். அதற்குள் ஐயர் வந்து, படையலுக்கு நேரம் போய்விட்டது, கெதியாகக் கொண்டு வாருங்கள் என்று சத்தம் போட்டார். ஒரு பெண் வந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவ்வளவுதான் நடந்தது. எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தலைவர் ஒன்றும் அறிவிக்கவில்லை. அடுத்த வாரம் இன்னும் இரண்டு பெண்கள் வெளியே வந்து இருந்தார்கள். சில குடும்பங்கள் அந்தக் கோயிலுக்கு வருவதை நிறுத்தி வேறு கோயிலுக்குப் போனார்கள். கொஞ்சக்காலத்தில் வாசலில் வெட்டுவதே அங்கே வழக்கமாகிவிட்டது. உள்ளே வந்து வெட்டுங்கள் என்று பிறகு அக்காவைக் கேட்டார்கள். இங்கே காற்று வருகிறது என்று சொல்லிவிட்டார்.

போன கோடையில் அக்காவுக்கு வயிற்றில் நோ வந்தது. வேலைக்கு ஏற்றும் வான் வந்து நிற்க, போகமுடியாமல் படியில் இருந்துவிட்டார். அவர் வேலைக்குப் போகாத முதல் நாள் அது. வைத்தியசாலையில் புற்றுநோய் என்றார்கள், காலம் கடந்துபோய்விட்டது என்றார்கள். நான் சுகந்திக்குச் சொன்னேன். அவள் வேலையிலிருந்தே நேராக வந்தாள். வங்கிப் பெயர்ச்சின்னம் சட்டையில் குத்தியிருந்தது. அதன்பின் அவள் விட்பிக்குத் திரும்பிப் போகவில்லை.

ஒரு பின்னேரம் அக்கா நித்திரையாக, நானும் சுகந்தியும் வைத்தியசாலை அறைக்கு வெளியே நடைபாதையில் இருந்தோம். அவள் கேட்டாள்: “சின்னம்மா, அம்மா ஏன் அப்பிடி நிண்டவ? ஒரு பலகைக்கு?”

தாய் அவளுக்குக் கிணற்றைப்பற்றிச் சொன்னதே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. கோயில் வாசல் கதை அவளுக்குத் தெரியும், தகப்பன் சொல்லியிருக்கிறார். மற்றது தெரியாது. நான் சொன்னேன். காய்ச்சல், குடம், படலையடி, பூவரசந் தடி. அப்பு அடித்தது. “இன்னும்” என்று சொன்னது. நான் முடித்த பிறகு, “எத்தினை வயசு அம்மாவுக்கு?” என்று மட்டும் கேட்டாள். இன்னும் பெரியபிள்ளை ஆகவில்லை என்றேன். அவள் எழுந்து உள்ளே போனாள்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். அக்கா விழித்திருந்தார்.

“சின்னம்மா எல்லாம் சொன்னவ” என்றாள் சுகந்தி.

“உனக்கேன் அதெல்லாம்.”

“தாத்தாவிலை கோவமில்லையோ அம்மா?”

“அப்புவுக்குத்தான் கூட நொந்தது” என்றார் அக்கா. பிறகு, “உன்ரை காரியத்தைக் குழப்பிப்போட்டன் எண்டு நினைக்கிறியோ?” என்று கேட்டார்.

“நினைச்சனான்” என்றாள் சுகந்தி. தாயின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். “இனி நினைக்கேல்லை.”

பிறகு அவர்கள் விமானச் சாப்பாட்டைப்பற்றியும் வேலைக்கு வான் வண்டியில் கூட வரும் பெண்களைப்பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தக் கிழமையே, காலைநேரம், நானும் சுகந்தியும் அருகிலிருக்க, மெதுவாக மூச்சை விட்டார். நேர்ஸ் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு நேரத்தைக் குறித்தார். நான் அக்காவின் கண்ணாடியை எடுத்து உறைக்குள் வைத்தேன்.

ஈமக்கிரியைகள் நடந்த மண்டபத்தில் இவ்வளவு சனம் வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. சமையலுக்குப் பொறுப்பாக இருந்த அந்த அம்மாவும் மாலையோடு வந்தார். பெட்டியடியில் நின்று அழுதார். நான் அவருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். அவர் வாங்கிக் குடித்தார். எனக்குக் கோபமும் வரவில்லை, வேறொன்றும் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். இதை எழுதும்போதும் அப்படியே இருக்கிறது. அடுப்பில் சோறு வேகிறது. இறக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதத்தான் வேண்டுமா, சுகந்திக்கு இனியும் ஒரு வாழ்வு இருக்கிறதே என்று என் கணவர் கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. நான் சுகந்தியிடமே கேட்டேன். “எழுதுங்கோ சின்னம்மா. கேக்கிறவைக்கு நான் ஒவ்வொருதரும் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை, புத்தகத்தைக் குடுக்கலாம்” என்றாள்.

இனி நன்றி சொல்லவேண்டியவர்கள். அக்காவைக் கடைசிவரை மரியாதையோடு பார்த்த வைத்தியசாலைத் தாதியருக்கும் வைத்தியர்களுக்கும், வானைத் திருப்பிக்கொண்டு வந்து அவரை வைத்தியசாலைக்கு ஏற்றிச்சென்ற சாரதித் தம்பிக்கும், வேலை நேரத்தை விட்டு வந்து தோள்கொடுத்த தொழிற்சாலைத் தோழியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்க்கும், கிரியைகளை நடத்திய ஐயர் அவர்களுக்கும், இன்றைய சமையலுக்கு வாசலில் இருந்து மரக்கறி வெட்டித் தரும் பரமேஸ்வரி அக்காவுக்கும் மற்றப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அச்சகத்துத் தம்பிக்கும் நன்றி. அவர் பார்வைக்கு அனுப்பிய முதற்பக்கத்தில், அக்கா இன்ன ஊரிலே “உயர்குடியில் வந்துதித்தார்” என்று இருந்தது. நாங்கள் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. சுகந்தி தொலைபேசி எடுத்துக் கேட்டாள். எல்லா மலருக்கும் அந்த வரி ஏற்கனவே இருக்கிறது, ஊரையும் பெயரையும் மட்டும்தான் மாற்றுவது, விடட்டோ என்று அவர் கேட்டார்.

“இல்லை, அதை எடுத்துவிடுங்கோ” என்றாள் சுகந்தி.

“அப்ப அந்த இடத்திலை என்ன போட?”

“பிறந்தார் எண்டு போடுங்கோ.”

அப்படியே போட்டிருக்கிறார்.

தங்கை
மல்வேர்ன், ரொறன்ரோ